அகொனி என்று டொக்டரிடம் சொன்னேன்

ஆங்கிலம் படிப்பிக்கிறவளுக்குக் காலம் போகப் போகச் சில சொற்களைக் கண்டாலே அலுப்பு வந்துவிடும். அதே சொல், அதே விளக்கம், போன வருடத்துப் பிள்ளைகளின் தங்கச்சிமார். எனக்கு அப்படி அலுத்துப்போன சொற்களில் ஒன்று அகொனி. சாதாரண தர வகுப்பில் நோவைக் குறிக்கிற சொற்களைப் படிப்பிக்கும்போது அது கடைசியில் வரும். தலையிடி, பல்லுக்குத்து என்று சின்னதாகத் தொடங்கி, கரும்பலகையின் கீழ்விளிம்புக்கு வந்து குனிந்து எழுதும்போது அகொனி. பக்கத்தில் 'பொறுக்க முடியாத வேதனை' என்று தமிழில் எழுதுவேன். வசனம் அமைத்துக்கொண்டு வாருங்கள் என்றால், தம்பி தன்னுடைய ஐஸ்கிறீமைத் தின்றுவிட்டதால் தான் அகொனியில் இருந்ததாக ஒருத்தி எழுதிக்கொண்டு வருவாள்.

அதைப் பிழை என்று வெட்டவும் முடியாது. வெள்ளைக்காரர்களே அப்படித்தான் பாவிக்கிறார்கள். பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பது அகொனி. புதுச் சப்பாத்துக் கடித்தால் அகொனி. கிரிக்கெட்டில் கடைசி ஓவர் அகொனி. பெருநாள் உடுப்பை மீன் வாங்கப் போகும்போது உடுத்துகிற மாதிரி, பெரிய சொல் ஒன்றை எடுத்து எல்லாவற்றுக்கும் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். நான் சரி போட்டுவிட்டு அடுத்த கொப்பியை எடுப்பேன்.

எங்கள் ஊரில் விஷயம் நேர்மாறு. சொல்லுக்குப் பஞ்சம் இல்லை. இடுப்பு நாரி உளையும், கால் கடுக்கும், நெஞ்சு எரியும், விலா குத்தும். ஒரு முள்ளுக் குத்தினாலும் அதற்குரிய சொல்லோடு அடுத்த வீடு வரை கேட்கும். ஆனால் நோய், எங்கள் பேச்சில் வருத்தம், உண்மையாகவே பெரிதாகிவிட்டால் இந்தச் சொற்கள் எல்லாம் எங்கேயோ ஓடி ஒளிந்துவிடும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அல்ஹம்துலில்லாஹ். இறைவனுக்கே புகழ். அதற்குமேல் கேட்கிறவர் என்னத்தைக் கேட்பது?

என் ராத்தா, கூடப்பிறந்த அக்கா, பக்கத்து வீட்டில் இருக்கிறார். பக்கத்து வீடு என்றாலும் ஒரே வளவுதான். நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. வாப்பா இரண்டு பெண்மக்களுக்கும் சீதனமாகக் கட்டிய வீடுகள். இங்கே பெண் புகுந்த வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் வந்து சேருவார். அதனால் கலியாணம் முடித்தும் நாங்கள் பிரியவில்லை. ராத்தாவின் கணவர் மௌத்தாகி, அவர் விதவை. ஒரே மகன் கட்டாரில். என் பிள்ளைகளும் கலியாணம், படிப்பு என்று ஆளுக்கொரு பக்கம். என் வீட்டுக்காரருக்கு இறக்காமத்துப் பக்கம் வயல்; கதிர் முற்றினால் யானைக் காவலுக்கென்று அங்கேயே தங்கிவிடுவார். ஆகவே, ராத்தாவின் கென்சர் முதுகெலும்புக்குள் இறங்கிவிட்டது என்று தெரிந்தபோது அவருக்கு நான் மட்டும்தான் இருந்தேன்.

காலையில் பள்ளிக்கூடம், பின்னேரம் வகுப்பு, இரண்டு அடுப்பு, இரண்டு வீட்டு உடுப்பு. நான் களைத்துப்போனேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை. வருத்தக்காரியைப் பார்க்கிறவளுக்கும் முதுகு என்று ஒன்று இருக்கிறது.

வேலையை விட என்னைக் களைக்கப் பண்ணியது வருத்தம் பார்க்க வருகிறவர்கள். வருத்தம் பார்ப்பது நன்மையான காரியம், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோடம்பழமும் மால்ட் டின்னும் பிஸ்கட் பெட்டியுமாக பின்னேரத் தொழுகையான அசருக்குப் பிறகு கதவு தட்டப்படும்போது, ராத்தா கட்டிலில் எழுந்து உட்காருவார். முந்தானையைச் சரி செய்வார். என்னைப் பார்த்து, வந்தவர்களுக்குக் கதிரை போடு என்று கண்ணால் சொல்லுவார்.

"எப்பிடி ராத்தா இப்ப?"

"அல்ஹம்துலில்லாஹ். சுகம். உங்கட மருமகளுக்குப் புள்ள கிடைச்சிட்டாமே?"

அதற்குப் பிறகு கதை அந்தப் பிள்ளையைப் பற்றித்தான். போகிறபோது, "சபூர் செய்யுங்க ராத்தா, பொறுமையா இரிங்க, நோகிற நோவெல்லாம் பாவத்தக் கழுவும்" என்பார்கள். ராத்தா "ஓம் ஓம்" என்பார். ஒருநாள் தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி கதவடியில் திரும்பி நின்று இன்னொன்றும் சொன்னாள்.

"அந்தப் பெரிய நோவு மருந்து தருவானுகள். அத மட்டும் எடுத்திராதீங்க. எங்கட சாச்சிக்குக் குடுத்து, கடைசியில ஆரு வந்தாலும் தெரியல்ல. கலிமாவும் சொல்ல ஏலாமப் போச்சு."

ராத்தா அதற்கு "ஓம்" என்று சொல்லவில்லை. அல்லாஹ் ஒருவனே என்ற கலிமா உயிர் பிரியும்போது நாக்கில் இருக்கவேண்டும் என்பது எங்கள் எல்லோருடைய ஆசை. நான் அவளைப் படலை வரைக்கும் கொண்டுபோய் விட்டேன். விடாவிட்டால் இன்னும் ஏதாவது சொல்லியிருப்பாள்.

ஆட்கள் போனதும் ராத்தா என்னிடம், "புள்ள, ஒரு இஞ்சிப் பிளேன்ரீ போட்டு வா" என்பார். நான் குசினிக்குப் போய், தண்ணீர் கொதிக்கவைத்து, இஞ்சி தட்டிப் போட்டுக்கொண்டு வருவேன். அவர் ஒரு மிடறும் குடிக்க மாட்டார். மேலுதடு வியர்த்திருக்கும். முந்தானை நுனி நனைந்து, பல் பதிந்திருக்கும். எத்தனையோ கோப்பைத் தேநீரை ஆறவிட்டு ஊற்றிய பிறகுதான், அந்தத் தேநீர் என்னை அறையை விட்டு அனுப்புவதற்கு என்று விளங்கியது.

கிளினிக் நாள் வந்தது. எனக்கு ஒரு எண்ணம்தான்: அந்தப் பெரிய மருந்தை எப்படியாவது எழுதுவித்துக்கொண்டு வருவது. ராத்தா பெட்டியில் இருந்து நல்ல ஹபாயா அங்கியை எடுக்கச் சொன்னார். அத்தர் போத்தலையும் கேட்டார்.

"ராத்தா, கலியாண வீட்டுக்கா போறம்?"

"வருத்தக்காரி எண்டா பிச்சக்காரி மாதிரிப் போகணுமா?"

"கொஞ்சம் வருத்தக்காரி மாதிரிப் போனாத்தான் டொக்டர் நம்புவா."

அவர் சிரித்தார். சிரிக்கும்போது ஒரு கை கட்டிலின் சட்டத்தை இறுக்கிப் பிடித்திருந்தது.

டொக்டர் சிங்களப் பெண், இளவயது. என்னோடு ஆங்கிலத்தில் கதைத்தார். பூச்சியம் என்றால் நோவே இல்லை, பத்து என்றால் தாங்கவே முடியாதது, இவருக்கு எத்தனை என்று கேளுங்கள் என்றார். நான் கேட்டேன். ராத்தா டொக்டரைப் பார்த்து முகம் நிறையச் சிரித்தார்.

"ரெண்டு எண்டு சொல்லு."

நான் அதைச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில், இவர் அகொனியில் இருக்கிறார் என்று சொன்னேன். ஆயுளில் முதல் தடவையாக அந்தச் சொல்லைக் கரும்பலகைக்கு வெளியே, அதற்குரிய இடத்தில் பாவித்தேன் என்று நினைக்கிறேன். டொக்டர் ராத்தாவைத் திரும்பிப் பார்த்தார். இஸ்திரி போட்ட ஹபாயா, அத்தர் மணம், சிரித்த முகம். தனக்குத் தெரிந்த தமிழில் நேரடியாகவே கேட்டார்.

"அம்மா, நோவு இருக்கா?"

"அல்ஹம்துலில்லாஹ், கொஞ்சந்தான் மகள். நீங்க சாப்பிட்டீங்களா? முகம் வாடியிரிக்கி."

டொக்டருக்கு அல்ஹம்துலில்லாஹ் என்றால் என்ன என்று தெரியும். எங்கள் பக்கத்தில் வேலை செய்கிற எவருக்கும் அது தெரிந்துவிடும். நலம் என்று எடுத்துக்கொண்டார். அவரில் என்ன பிழை? என்னிடம் திரும்பி மெதுவாக, வீட்டாட்கள்தான் எப்போதும் நோயாளியை விட அதிகம் துடிப்பார்கள் மிஸ், எனக்கு விளங்குகிறது என்றார். பழைய மாத்திரையையே திரும்ப எழுதினார். ஐஸ்கிறீம் பறிகொடுத்த பிள்ளையின் அகொனி மாதிரி என்னுடையதும் மேசையில் கிடந்தது. ஒரு கொப்பிக்குச் சரி போடுகிற அளவுக்குக்கூட அதற்கு மதிப்பு வரவில்லை.

ஓட்டோவில் ஏறியதும் ராத்தாவின் முகம் சாம்பல் நிறமாகியது. வீதியில் ஒவ்வொரு பள்ளத்துக்கும் என் முழங்கையில் அவருடைய நகம் இறங்கியது.

"ரெண்டா ராத்தா? இதுதான் ரெண்டா?"

"பத்தெண்டா மௌத்து. நான் இன்னும் மௌத்தாகல்லியே." என் முழங்கையை விட்டுவிட்டு, "நீ இங்கிலீசில என்னமோ சொன்னாய். என்ன சொன்னாய்?" என்று கேட்டார்.

"கொஞ்சம் கூட நோகுது எண்டு சொன்னன்."

அன்று பின்னேரம் வகுப்புத் தொடங்குமுன் பழைய அகராதியை எடுத்துப் பார்த்தேன். ஏன் பார்த்தேன் என்று தெரியாது. கோபத்தில்தான் இருக்கும். எனக்குத் தெரிந்த பொருளுக்குக் கீழே, நான் ஒருநாளும் வகுப்பில் சொல்லாத பொருள் ஒன்று இருந்தது: சாவுக்கு முன் உயிர் படுகிற போராட்டம். அதற்கு எங்களிடம் சொல் இருக்கிறது, சக்கராத்து. யாரும் சும்மா வாயில் எடுக்காத சொல். சக்கராத்து வந்துவிட்டது என்றால் பக்கத்தில் இருந்து குர்ஆனில் யாசீன் ஓதுவார்கள், உதட்டில் தண்ணீர் நனைப்பார்கள். ராத்தாவை வைத்துக்கொண்டு நான் சொன்னது அதைத்தானா? அகராதியை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டு, வந்திருந்த பிள்ளைகளுக்கு இறந்தகால வினைகளைப் படிப்பித்தேன்.

அதற்குப் பிறகு எங்களுக்குள் சண்டை தொடங்கியது. சண்டை என்றால் நான் கத்துவது, அவர் கேட்டுக்கொண்டிருப்பது.

"அந்த மருந்தக் கேட்டா என்ன? ஹராமா?"

"ஹராம் எண்டு நான் சொன்னனா? புத்தி மாறிட்டா எப்பிடித் தொழுகிற? கடைசி நேரத்தில கலிமா நாக்கில வராட்டி என்ன செய்யிற?"

"எல்லாருக்கும் அப்பிடி வாறல்ல ராத்தா. டொக்டரிட்டக் கேப்பம்."

"கேக்கிறத்துக்கு நோகணுமே. எனக்கு அவ்வளவுக்கு நோகல்ல."

அவருடைய அல்ஹம்துலில்லாஹ்வின் மீதே எனக்குக் கோபம் வந்தது. நினைத்தவுடன் பயந்து தௌபாச் செய்தேன். பாவமன்னிப்புக் கேட்ட அதே மூச்சில் திரும்பவும் கோபம் வந்தது. களைத்தவளுக்குக் கோபம்தான் மிச்சம்.

ராத்தாவின் அறையில் ஜன்னலோரம் ஒரு கதிரை உண்டு. நாரியை மடக்க முடியாமல் போனதில் இருந்து அவர் அதில் இருந்துதான் தொழுவார். எங்கள் மார்க்கத்தில், புத்தி தெளிவாக இருக்கும்வரை தொழுகை விடுபடாது. வருத்தக்காரருக்குச் சலுகை மட்டும் உண்டு. நிற்க முடியாவிட்டால் இருந்து தொழலாம். இருக்க முடியாவிட்டால் விலாவில் சாய்ந்து. அதுவும் முடியாவிட்டால் மல்லாந்து படுத்துத் தலையால் சைகை செய்து. தலையும் அசைக்க முடியாதவர் கண் இமையால். ஓதப் போன வயதில் இதைப் பாடமாக்கினோம். இமையால் தொழுவது எப்படி என்று நானும் ராத்தாவும் ஒருவருக்கொருவர் செய்துகாட்டி, சிரித்து, ஓதித்தருகிற லெப்பையிடம் அடியும் வாங்கினோம்.

ஒருநாள் துவைத்து மடித்த உடுப்பை அந்தக் கதிரையில் வைத்தேன். மற்ற நாள் போனால் உடுப்பு அப்படியே இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொன்னால் ராத்தா என்னைக் கதவைச் சாத்திவிட்டுப் போகச் சொல்லுவார். அதை நான் பெரிதாக எடுக்கவில்லை. உடுப்பைக் கண்ட பிறகு சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டு விறாந்தையில் நின்றேன். திறக்கத் துணிவு வரவில்லை. தொழுகிறவரை எட்டிப் பார்ப்பது என்ன பழக்கம்?

அடுத்த கிளினிக்குக்கும் அதே ஹபாயா, அதே அத்தர், அதே சிரிப்பு. டொக்டர் திரும்பவும் இலக்கத்தைக் கேட்டார். ராத்தா திரும்பவும் ரெண்டு என்றார். இந்த முறை நான் எந்த ஆங்கிலச் சொல்லையும் தேடவில்லை. ராத்தா மரியாதைக்காக எவ்வளவு பொய்யும் சொல்லுவார், தொழுகையில் பொய் சொல்ல மாட்டார். அது எனக்குத் தெரியும். நான் அவர் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டேன்.

"ராத்தா, நேத்து அசர் எப்பிடித் தொழுதீங்க?"

சிரிப்பு அப்படியே நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை, மேசையைப் பார்த்தார். டொக்டர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். வெளியில் யாரோ ஒரு பிள்ளை அழுதுகொண்டிருந்தது.

"இருந்தா?"

விரலை அசைத்தார், இல்லை என்று.

"படுத்தா? தலையாலயா?"

மேசை விளிம்பை விரலால் தடவினார். பிறகு மிகச் சின்னக் குரலில், "இமையால" என்றார்.

நான் மொழிபெயர்க்க வேண்டியவள். டொக்டர் என்ன, என்ன என்று கேட்கிறார். நான் எங்கள் தொழுகையின் படிகளை ஒவ்வொன்றாக, நான் திருத்துகிற பிள்ளைகளை விடக் கேவலமான ஆங்கிலத்தில் சொன்னேன். நிற்பது, இருப்பது, சாய்வது, தலை. கடைசியில் என் விரலை என் கண்ணுக்கு மேலே வைத்துக் காட்டினேன். இதற்கு மேல் படி இல்லையா என்று டொக்டர் கேட்டார். மனதுக்குள் தொழுவது ஒன்று மட்டும் இருக்கிறது என்றேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டார். எத்தனை நாளாக என்று கேட்கச் சொன்னார்.

"பெருநாளைக்குப் பொறகு" என்றார் ராத்தா.

பெருநாள் முடிந்து எத்தனையோ வாரம் போயிருந்தது; ஆட்களுக்கு முன்னால் பல்லைக் கடித்து எழுந்து உட்கார்ந்தவர், கதவைச் சாத்திய பிறகு தலையைக்கூட அசைக்க முடியாமல் கிடந்திருக்கிறார். அவ்வளவு காலமும் நான் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்து இறந்தகால வினைகள் படிப்பித்திருக்கிறேன்.

டொக்டர் மருந்தை எழுதினார். ராத்தா என் கையைப் பிடித்து, புத்தி மாறுமா என்று கேட்கச் சொன்னார். கலிமாவைப் பற்றியும் கேட்கச் சொன்னார். நான் கேட்டேன். டொக்டர் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்து, தனக்குத் தெரிந்த தமிழைப் பொறுக்கிப் பொறுக்கிச் சொன்னார்.

"அம்மா, கொஞ்சம் கொஞ்சமாத் தாறது. முதல் ரெண்டு மூணு நாள் நித்திரை வரும். பிறகு போகும். தலை குழம்பினா எனக்குச் சொல்லுங்க, நான் குறைக்கிறது. நீங்க கும்பிடலாம்."

எங்களவர்கள் தொழுவதைக் கும்பிடுவது என்று சொல்வதில்லை. ராத்தா அதைத் திருத்தவில்லை. "சரி மகள்" என்றார்.

ஓட்டோவில் அவர் வீதியையே பார்த்துக்கொண்டு வந்தார். நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும், நினைத்தது கையில் இருந்தது. மாவடிப்பள்ளிப் பக்கம் இருந்து வந்த நெல் லொறி ஒன்று வழியை மறித்து நின்றபோது ராத்தா வாயைத் திறந்தார்.

"அது எனக்கும் அல்லாஹ்வுக்கும் இடையில இருந்தது. அத எதுக்கு நீ அங்க கொண்டுபோய் வெச்சாய்?"

"வேற எதக் கேட்டாலும் பொய் சொல்லுவீங்க."

"ஓம். அதுக்குத்தான் கேக்கிறன். அது ஒண்டாவது என்ட கையில இருக்கட்டும் எண்டு நீ நினைக்கல்ல."

ராத்தா சொன்னது உண்மை. ஆனால் திரும்பவும் அந்த மேசைக்கு முன்னால் போய் நின்றால் அதையேதான் கேட்பேன்.

முதல் நாட்களில் அவர் நித்திரையாகவே இருந்தார். எனக்கு அந்தச் சொந்தக்காரியின் சாச்சி ஞாபகத்தில் வந்து வந்து போனார். ஒவ்வொரு பாங்குக்கும் நான் போய் எழுப்பினேன். "நான் ஆரு?" என்று கேட்பேன். "கரைச்சல் புடிச்சவள்" என்பார். கலிமாவைச் சொல்லச் சொல்லுவேன். சொல்லிவிட்டு, "இன்னும் மௌத்தாகல்ல, போ" என்பார். பிறகு நித்திரை குறைந்தது. சோறு கேட்டார். கீரை மீன் ஆணம் வைக்கச் சொல்லி, அதில் புளி காணாது என்று குறை சொன்னார். குறை சொன்ன அன்று நான் குசினிக்குள் நின்று அழுதேன்.

ஒருநாள் பொழுதுபட்ட நேரத்து மஃரிபுத் தொழுகைக்கு, கதவைச் சாத்தச் சொல்லவில்லை. கதிரையில் கிடந்த உடுப்பை எடுக்கச் சொன்னார். என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்து அதில் உட்கார்ந்து தக்பீர் கட்டித் தொழத் தொடங்கினார். ருகூவுக்குக் குனிந்தார்; சுஜூதுக்கு இன்னும் கொஞ்சம் குனிந்தார். நான் விறாந்தையில் போய் நின்றேன். சலாம் கொடுத்து, துஆ ஓதி முடித்து, என்னைக் கூப்பிட்டார். கட்டிலுக்குப் போகவேண்டுமாக்கும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

"இரி" என்றார். நான் கட்டில் விளிம்பில் இருந்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரியா நொந்திச்சிடி."

இந்த ஒரு வசனத்துக்காக எவ்வளவு அலைந்தேன்? ஆனால் அதைக் கேட்டதும், கேட்காமலே இருந்திருக்கலாம் போல இருந்தது.

"எலும்புக்குள்ள ஆரோ ஈரச் சீலையப் புழியிற மாதிரி. புழிஞ்சு முடிஞ்சிட்டு எண்டு நினைப்பன், திரும்ப முறுக்குவான். நீ தேத்தண்ணி போடப் போவாய்தானே, அந்த நேரத்துக்குள்ள முடிஞ்சிரணும் எண்டு துஆக் கேப்பன். முடியாது. நீ வந்திருவாய்."

"ஏன் ராத்தா எனக்கிட்டச் சொல்லல்ல? எனக்கிட்டயாவது?"

"சொல்லத் தொடங்கினா நிப்பாட்ட ஏலாதெண்டுதான்."

நிப்பாட்டவில்லைதான். கணவர் மௌத்தான அன்று நொந்ததைச் சொன்னார். மகன் கட்டாருக்குப் போன அன்று நாரியில் முதல் தடவை குத்தியதை, அதை யாரிடமும் சொல்லாமல் விட்டதைச் சொன்னார். பெருநாள் அன்று ஆட்கள் வந்து வந்து போக, வட்டிலப்பம் வெட்டிக் கொடுத்துக்கொண்டே உள்ளுக்குள் கத்தியதைச் சொன்னார். அழவில்லை. விலைவாசி கதைக்கிற குரலில் சொன்னார். நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன், எனக்கு முதுகு உளைந்தது, எழும்பவில்லை. பாங்கு கேட்டால் பாதிச் சொல்லில் வாயை மூடி முந்தானையை இழுத்துப் போடுகிற மனுஷி. பள்ளிவாசலில் இரவுத் தொழுகையான இஷாவுக்குப் பாங்கு சொல்லத் தொடங்கினார்கள், சொல்லி முடித்தார்கள். ராத்தா சொல்லிக்கொண்டே இருந்தார்.